டிஷ், ஸ்டிக், பழைய கணினி: மலைநாட்டு வீட்டுக்கு எது தோது?

ஒக்டோபர் மாதம் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் போன் அடித்தால் அது பெரும்பாலும் மஸ்கெலியாவில் இருக்கும் அக்காதான். "தம்பி, டிவியில திரும்பவும் சிக்னல் இல்லன்னு எழுத்து வருது. இந்த மாசம் டிஷ்ஷுக்குக் காசு கட்டவா, இல்ல டவுன்ல விக்கிறாங்களே சின்னப் பெட்டி, அத வாங்கிரவா?" என்று கேட்பார். அக்கா மட்டுமில்லை, என் வேலை இடத்திலும் பஸ்ஸிலும் இதே கேள்வியை இரண்டு வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அரைகுறையாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இந்தத் தடவை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் எனக்கு இதில் என்ன அனுபவம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று வீடு, மூன்று நிலைமை. நான் இருப்பது ஹட்டன் டவுனை ஒட்டி, வாசல் வரை ஃபைபர் வந்திருக்கிறது. அம்மா இன்னும் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில்தான், தகரக் கூரை, இஸ்தோப்பில் நின்றால் எதிர்மலை தெரியும், டிஷ் மட்டும்தான். அக்கா வீட்டில் டிஷ்ஷும் உண்டு, சிம் போட்ட 4ஜி ரவுட்டரும் உண்டு. மூன்று வீட்டிலும் டிவி, பெட்டி, கணினி எல்லாவற்றையும் மாட்டியதும் கழற்றியதும் நான்தான். கொழும்பில் இருக்கும் நண்பர்கள் இந்தப் பேச்சை 4கே வருமா, எச்டிஆர் வருமா என்றுதான் தொடங்குவார்கள். இங்கே அது கடைசிக் கேள்வி. நிகழ்ச்சி எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது, மழையும் மின்னலும் கரண்ட் கட்டும் அந்த வழியை என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படத்தின் தரத்தில் இன்று இருக்கிற வித்தியாசம் 32 அங்குல டிவியில் பத்தடி தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. படம் வருகிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, டிஷ்ஷில் தொடங்குகிறேன்.

டயலாக் டிவி பயன்படுத்தும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கக்கோட்டில் 45 பாகையில் நிற்கிறது. நாம் இருப்பது 80 பாகைக்குக் கொஞ்சம் மேல். அதனால் நம் டிஷ் கிட்டத்தட்ட நேர் மேற்கே பார்க்கும், தரையில் இருந்து ஏறக்குறைய 48 பாகை நிமிர்ந்து நிற்கும். இந்த ஒரு கணக்கே மலைநாட்டில் பாதி வீடுகளின் கதையைச் சொல்லிவிடும். மலையின் கிழக்குச் சரிவில் ஒட்டினாற்போல் வீடு இருந்து, மேற்கே செங்குத்தாக மண்மேடும் அதன்மேல் சவுக்கோ டர்பன்டைன் மரமோ இருந்தால், டிஷ் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை. மரம் வளர்ந்துகொண்டே போகும் என்பதையும் யோசியுங்கள். அம்மா வீட்டில் நான்கு வருடம் ஒழுங்காக வந்த சிக்னல் ஒரு வருடம் மெல்லக் குறைந்தது. ஆளைக் கூட்டி வந்து டிஷ்ஷைத் திருப்பினோம், டிஷ்ஷின் முன்னால் நிற்கும் சிக்னல் வாங்கியான எல்என்பியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் மேற்கே நின்ற மரத்தின் கிளை குறுக்கே வந்திருந்தது.

மழை விஷயத்தில் பலரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. மழை பெய்தாலே டிஷ் போய்விடும் என்பார்கள். அப்படி இல்லை. டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். ஆனால் எவ்வளவு நேரம் பெய்கிறது என்பதை விட எவ்வளவு கொட்டுகிறது என்பதுதான் முக்கியம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றோடு நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கும் தூறலில் எங்கள் டிஷ் ஒரு நாளும் நின்றதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும் பாருங்கள், அதுதான் எதிரி. நம் முற்றத்தில் ஒரு சொட்டு விழுமுன்னே படம் உறைந்து நிற்கும், ஏனென்றால் அலை வரும் மேற்குப் பக்கத்து வானத்தில் மேகம் ஏற்கெனவே கொட்டத் தொடங்கியிருக்கும். பத்து நிமிடத்தில் இருந்து அரை மணி நேரத்தில் தானாகவே வந்துவிடும். அந்த அரை மணியில் யாரும் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், மழை விட்ட பிறகு நிஜமாகவே சிக்னல் இல்லாமல் போய்விடும்.

இதில் மலைக்காரர்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நம் வெப்பமண்டலத்தில் மழைநீர் பனியாக உறையும் உயரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், அதற்குக் கீழேதான் அலை மழையைக் கடக்க வேண்டும். கடல் மட்டத்தில் இருப்பவரின் டிஷ்ஷுக்கு அந்தச் சாய்வான பாதை ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல். 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற நமக்கு ஐந்து கிலோமீட்டர்தான். அதோடு 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்கு கூடும், சிக்னல் மூன்றரை டெசிபல் உயரும். அம்மா வீட்டில் பெரிய டிஷ் மாட்டிய பிறகு ஒக்டோபர் மழையில் முன்பு அரை மணி போனது இப்போது ஐந்து பத்து நிமிடம் என்று ஆகிவிட்டது. மாதக் கட்டணம் கூடவில்லை, ஒரே செலவு. ஆனால் பெரிய டிஷ் காற்றையும் கூடப் பிடிக்கும், தகரத்தில் ஆணி அடித்து நிறுத்தாமல் சுவரில் நட்டு போல்ட்டோடு இறுக்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து விடுங்கள், தண்ணீர் கேபிள் வழியே உள்ளே வராமல் அந்த வளைவில் சொட்டிவிடும். எல்என்பியில் மாட்டும் முனைக்கு ரப்பர் டேப் சுற்றுங்கள். இங்கே பனியும் ஈரமும் அந்த முனையை ஒரு வருடத்தில் பச்சையாக்கிவிடும்.

மின்னல்தான் டிஷ்ஷின் பெரிய பலவீனம். கூரைக்கு மேலே நிற்கும் இரும்பு, அதில் இருந்து நேரே டிவி வரைக்கும் செம்புக் கம்பி. இடி தொடங்கினால் கரண்ட் ப்ளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. கேபிளையும் பெட்டியின் பின்னால் திருகிக் கழற்ற வேண்டும். என் வீட்டில் ஃபைபர் வருவதற்கு முன்னால் பழைய செம்பு டெலிபோன் லைனில் இன்டர்நெட் இருந்தது, ஒரு ஏப்ரல் மாதம் அந்த லைன் வழியாக வந்த இடி ரவுட்டரைத் தின்று, ரவுட்டரில் இருந்து கேபிளில் மாட்டியிருந்த கணினியின் போர்ட்டைத் தின்று, அதில் மாட்டியிருந்த டிவியின் எச்டிஎம்ஐ ஒன்றையும் தின்றுவிட்டது. டிவியில் இன்றும் அந்த ஒரு ஓட்டை வேலை செய்யாது. கரண்டை நான் நிறுத்தித்தான் வைத்திருந்தேன்! டெலிபோன் வயரைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. மலைநாட்டில் ஃபைபர் எடுப்பதற்கு வேகத்தை விட எனக்கு இதுதான் பெரிய காரணம். உங்கள் பக்கம் ஃபைபர் வந்திருந்தால் யோசிக்காமல் மாறுங்கள்.

டிஷ்ஷுக்கு இவ்வளவு குறை சொன்னாலும் அம்மா வீட்டில் நான் அதைக் கழற்றவில்லை. டேட்டா கணக்கு இல்லை. எண்ணை அழுத்தினால் சானல். அம்மாவுக்கு எந்த எண்ணில் எந்த நாடகம் என்று மனப்பாடம். அப்புறம் கிரிக்கெட். லயத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரும் பல இடத்தில் கூரை வரை போகாது. இன்டர்நெட்டில் வரும் நேரலை அரை நிமிடம் பிந்தி வரும், சிலவேளை அதற்கு மேலும். டிஷ் சில வினாடிதான் பிந்தும். ஒரு தடவை, டிவியில் மாட்டி இன்டர்நெட் வழியாகப் பார்க்கும் ஸ்டிக்கில் நாங்கள் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் முன்பே பக்கத்தில் கைதட்டல் கேட்டு, அம்மா "அடுத்த பந்துல விக்கெட் போகப் போகுது" என்றார். அன்றைக்கே மேட்ச்சுக்கு டிஷ் என்று முடிவாகிவிட்டது.

கூரை ஆன்டெனாவை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை, அது தப்பு. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியதில் இருந்து பிதுருதலாகல உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. 2,524 மீட்டர், நாட்டிலேயே உயரமான இடம். அந்த மலை கண்ணுக்குத் தெரியும் வீட்டில் இருப்பவருக்கு ஒரு சாதாரண அலுமினிய ஆன்டெனா போதும், செய்தியும் உள்ளூர் சானல்களும் மாதக் கட்டணம் இல்லாமல் வரும். கொட்டும் மழையிலும் நிற்காது, ஏனென்றால் அதன் அலைநீளம் டிஷ்ஷின் அலையை விடப் பல மடங்கு பெரிது, மழைத்துளி அதை ஒன்றும் செய்யாது. படம் கொஞ்சம் புள்ளியாக இருக்கும். மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில் புள்ளியைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

அடுத்தது ஸ்டிக், அல்லது ஆண்ட்ராய்டு பெட்டி. டவுனில் கண்ணாடி அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். "8கே" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் பெட்டிதான் அதிகம் விற்கிறது, அதைத்தான் வாங்கக்கூடாது. காரணம் அந்த எண் இல்லை. நெட்ஃப்ளிக்ஸ், ப்ரைம் போன்றவை தங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்பும். அந்தப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்ற முறையில் எல்1, எல்3 என்று தரம் இருக்கிறது. சான்று பெற்ற கருவிக்கு எல்1, அதில் எச்டியும் 4கேயும் வரும். சான்று இல்லாத பெட்டிக்கு எல்3 மட்டும், அதில் நெட்ஃப்ளிக்ஸ் பழைய டிவிடி தரத்துக்கு மேல் போகாது, நீங்கள் எவ்வளவு பெரிய பேக்கேஜுக்குக் காசு கட்டினாலும் சரி. வாங்கும்போது கடைக்காரரிடம் அதை டிவியில் மாட்டச் சொல்லி, இந்தச் சான்று உண்டா என்று கேளுங்கள். கூகிள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி முகப்போடு வரும், பெயர் தெரிந்த கம்பனியின் ஸ்டிக் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. போனில் இருக்கும் ஆண்ட்ராய்டு முகப்பை அப்படியே டிவியில் காட்டும் பெட்டி என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு, அந்தப் பெட்டிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது, அதில் உங்கள் ஜிமெயிலைப் போட்டு உள்ளே நுழைகிறீர்கள்.

ஸ்டிக்குக்கு உயிர் டேட்டா. நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி 1080பி, அதாவது முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். 40 ஜிபி பேக்கேஜ் என்றால் பதின்மூன்று மணி நேரம். மாதத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் என்பது எங்கள் அக்கா வீட்டில் ஒரு வார நாடகக் கணக்குக்கே காணாது. நம் நாட்டில் சில பேக்கேஜ்களில் நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை தனி டேட்டா தருகிறார்கள். ஆனால் ஸ்டிக்கை இரவு இரண்டு மணிக்கு யார் பார்க்கப் போகிறார்கள்? இதை நினைவில் வையுங்கள், கணினியைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

4ஜி ரவுட்டரில் இன்னொரு தொல்லை, வேகம் மணிக்கு மணி மாறும். அக்கா வீட்டில் காலை பத்து மணிக்கு 20 எம்பிபிஎஸ் வரும், இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் போனைத் திறக்கும்போது 2க்கு இறங்கும். ரவுட்டரை ஜன்னல் ஓரம் வைத்ததில் கொஞ்சம் கூடியது. வெளி ஆன்டெனா மாட்டும் ஓட்டை உள்ள ரவுட்டர் என்றால் கூரையில் ஒரு திசை ஆன்டெனா வைத்துக் கோபுரத்தை நோக்கித் திருப்பலாம், பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அது நல்ல பலன் தரும். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிப் போய்க் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பாரமாகிவிடும். அந்தப் பிள்ளைகள் வீட்டில் ஸ்டிக் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டாம், முதலில் சிக்னல் வர வேண்டும்.

பியோ டிவியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது டிஷ் மாதிரி சானல்களைத் தரும், ஆனால் இன்டர்நெட் லைன் வழியாக வரும், அதனால் மழைக்கு நிற்காது. போன நிகழ்ச்சியைத் திருப்பிப் பார்க்கும் வசதி அம்மாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபைபர் இருக்கும் டவுன் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஃபைபர் வராத தோட்டத்துக்கு அதைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

ஸ்டிக்கில் எனக்குப் பிடித்தது புளூடூத். தகரக் கூரையில் மழை விழும்போது வீட்டுக்குள் இருக்கிறவர்களே கத்தித்தான் பேச வேண்டும், டிவி வசனம் எங்கே கேட்கும்? சத்தத்தை 100 வைத்தால் பக்கத்துக் காம்பராவில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும், மழை திடீரென்று நின்றால் நம் காதும் போகும். ஸ்டிக்கில் ஒரு புளூடூத் ஹெட்போனைக் கோத்துவிட்டால் மழையும் கேட்காது, பக்கத்து வீட்டுக்கும் தொல்லை இல்லை. சாதாரண டிஷ் பெட்டியில் இது இல்லை. விலை குறைந்த ஹெட்போனில் வசனம் உதட்டசைவுக்குப் பிந்தி வரும், அதைச் சரிசெய்யும் வசதி உள்ள ஆப்பில் பார்த்தால் தீர்ந்துவிடும். ஹோம் தியேட்டர் வாங்கி அடிப்பெட்டியை லயத்துச் சுவரோடு ஒட்டி வைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அதை ஒரு கட்டை மேல் வைத்துச் சுவரில் இருந்து தள்ளி வையுங்கள், அந்த அதிர்வு வரிசை முழுக்கப் போகும்.

இனி கணினி. என் மனசு இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது நினைவிருக்கும். அந்த நாட்களில் டிஷ் பெட்டி கறுப்பு, ரவுட்டர் கறுப்பு, கொஞ்ச நேரத்தில் கோபுரத்தில் இருக்கும் பேட்டரியும் தீர்ந்து போனிலும் சிக்னல் போய்விடும். என் வீட்டில் ஓடியது ஒரே ஒரு பழைய லேப்டாப், அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க். கரண்ட் வரும் நேரத்தில் சார்ஜ் ஏற்றி வைத்து, இருட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து, அக்கா கல்யாண வீடியோ, திருவிழாவில் நான் எடுத்த காவடி வீடியோ, என்னிடம் இருந்த டிவிடிகளில் இருந்து மாற்றி வைத்த படங்கள் என்று பார்த்தோம். அப்போதுதான் எனக்கு இந்த எண்ணம் உறைத்தது. டிஷ்ஷும் ஸ்டிக்கும் வெளியே இருந்து வருவதை நம்பி இருக்கின்றன. கணினியில் இருப்பது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எந்தக் கணினி? மேசைக்கு அடியில் நிற்கும் பழைய பெரிய பெட்டியை நான் சொல்லவில்லை. அது சும்மா நிற்கும்போதே 60 வாட் இழுக்கும், தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 9 யூனிட். நம் கட்டண முறையில் 60 யூனிட்டைத் தாண்டினால் விலைப் பட்டியலே மாறிவிடும், அந்த 9 யூனிட் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் பில்லைப் பார்த்து வயிறு எரியும். கம்பனிகளில் இருந்து கழித்து வரும் ஒரு சாணுக்குள் அடங்கும் மினி கணினிகள் இருக்கின்றன, டெல், எச்பி, லெனோவோ மூன்றிலும் வரும், கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் கிடைக்கும், இப்போது கண்டியிலும் ஹட்டனிலும் கூட வருகின்றன. அது சாதாரணமாக 10, 12 வாட்தான். மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. ஸ்டிக் அரை யூனிட்டில் முடித்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும், இதில் ஸ்டிக்தான் ஜெயிக்கும்.

வாங்கும்போது ப்ராசஸரின் தலைமுறையைப் பாருங்கள், வேகத்தை அப்புறம் பார்க்கலாம். இன்டெல் 4 ஆம் தலைமுறை, பழைய முறையில் சுருக்கிய எச்.264 வீடியோவை அதற்கென்றே உள்ள தனிச் சுற்றில் ஓட்டும், புதிய முறையான எச்இவிசியை ஓட்டாது, ப்ராசஸர் முழுக்க மூச்சுவாங்கும், ஃபேன் கத்தும். 6 ஆம் தலைமுறை எச்இவிசியைச் சாதாரண 8 பிட் நிறம் வரை ஓட்டும். 7 ஆம் தலைமுறையில் இருந்து 10 பிட்டும் வரும், 4கே படம் தடங்கல் இல்லாமல் போகும். அதனால் 7 என்பதை நான் அடிமட்டமாக வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11க்கு இன்டெலில் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறையாவது வேண்டும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதனால் 6, 7 ஆம் தலைமுறைக் கணினிகளைக் கம்பனிகள் தள்ளிவிடுகின்றன. நமக்கு விண்டோஸ் தேவையே இல்லை, ஆகவே அது நமக்கு லாபம். ராஸ்பெரி பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, 5 ஆம் பதிப்பில் எச்.264க்கான தனிச் சுற்றை எடுத்துவிட்டார்கள், எச்இவிசி மட்டும் இருக்கிறது. 1080பி அளவுக்கு அதன் ப்ராசஸரே தாங்கும். இங்கே விற்கும் விலைக்கு எனக்கு மினி கணினிதான் சரியாகப் படுகிறது.

அதில் நான் போட்டிருப்பது லிப்ரேஎலெக். கோடி என்ற ப்ளேயரை மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த சின்ன லினக்ஸ், முழுக்க இலவசம். கோடி 2002 இல் எக்ஸ்பாக்ஸுக்காகத் தொடங்கியது, 2014 இல்தான் இந்தப் பெயர் வந்தது. கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு லிப்ரேஎலெக் ஏன் நல்லதென்றால், அதன் அடிப்படை அமைப்பு எழுத முடியாத ஒரே கோப்பாக இருக்கிறது, ஓடும்போது அதில் எதுவும் எழுதப்படுவதில்லை. விண்டோஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போய், கணினி நீலத் திரையோடு எழுந்திருக்காமல் கிடந்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் இழந்திருக்கிறேன். லிப்ரேஎலெக்கில் இந்த மூன்று வருடத்தில் எத்தனை தடவை கரண்ட் போனதென்று எண்ணவில்லை, ஒவ்வொரு தடவையும் அரை நிமிடத்தில் எழுந்து நின்றது.

முன்பு சொன்ன இரவு டேட்டா இங்கேதான் உதவுகிறது. நள்ளிரவு 12க்கு மேல் தானாகத் தொடங்கிக் காலை 8க்கு முன் நிற்கும்படி டவுன்லோடுக்கு நேரம் குறித்து வைக்கலாம். அக்கா மகனுக்கு சாதாரண தரம், அதாவது ஓ.எல். இந்த வருடம். அவனுடைய ஆசிரியர்கள் ஸூமில் எடுத்த பாடங்களைப் பதிவு செய்து லிங்க் அனுப்புகிறார்கள், கணிதம் ஒரு பாடம் 1 ஜிபிக்கு மேல். பகல் டேட்டாவில் அதைப் பார்க்கவே முடியாது. இரவில் ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கிவிடும், பின்னேரம் பெரிய டிவியில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான், எழுதிக்கொள்வான். ஸ்டிக்கால் இது இவ்வளவு எளிதாக முடியாது, டிஷ்ஷால் முடியவே முடியாது.

கணினியின் குறைகளையும் மறைக்க மாட்டேன். லிப்ரேஎலெக்கில் நெட்ஃப்ளிக்ஸுக்கென்று கம்பனியே செய்த ஆப் இல்லை. அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் ஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கணினி வேண்டாம். ரிமோட்டும் தலைவலி. டிவி ரிமோட்டாலேயே இயக்கும் சிஇசி வசதி ராஸ்பெரி பையில் இருக்கிறது, சாதாரணக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை. நான் கோடியின் கோரே ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டேன், பிள்ளைகளுக்குச் சின்ன வயர்லெஸ் கீபோர்ட். அம்மாவிடம் இரண்டையும் கொடுத்துப் பார்த்தேன். மூன்று நாளில் "இத நீயே வச்சிக்கப்பா" என்று திருப்பித் தந்துவிட்டார். அதனால்தான் அம்மா வீட்டில் கணினி இல்லை.

இன்னும் ஒன்று, ஹார்ட் டிஸ்க் என்றாவது ஒரு நாள் போகும். நம் பக்கத்து ஈரத்தில் கொஞ்சம் சீக்கிரமே போகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குளிர்ந்த டிஸ்க்கை அடுப்பங்கரைச் சூட்டுக்கு எடுத்து வந்ததும் மாட்டாதீர்கள், அதன்மேல் நீர் கோத்திருக்கும், அரை மணி பொறுங்கள். கல்யாண வீடியோ போன்றவற்றுக்கு இரண்டாவது பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். எங்களுடையது அக்கா வீட்டு பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது.

யூபிஎஸ் கேட்பவர்களுக்கு: சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸின் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இருக்கும், கணக்குப்படி 84 வாட் மணி, ஆனால் நிஜத்தில் அது முழுதும் கிடைக்காது. 40 வாட் டிவியும் 12 வாட் மினி கணினியும் மாட்டினால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 60 வாட் பெரிய கணினி மாட்டினால் இருபது நிமிடம்தான். ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாக வாங்குங்கள், அது சில மணி நேரம் நிற்கும். லேப்டாப் என்றால் அதுவே யூபிஎஸ். திரை உடைந்து மூலையில் கிடக்கும் லேப்டாப் யாரிடமாவது இருந்தால் எறியாதீர்கள், 7 ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் திரையைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐயில் டிவிக்கு மாட்டுங்கள்.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். வீட்டுக்கு மேற்கே மலை உயர்ந்து நிற்கிறது, இரவில் 4ஜி படுத்துவிடுகிறது, பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது. அந்த வீட்டுக்கு ஸ்டிக் வேண்டாம், பெட்டி சுத்தமாக வேண்டாம். டிஷ்ஷை முற்பணம் கட்டும் முறைக்கு மாற்றிக் கிரிக்கெட் வரும் மாதம் மட்டும் கட்டலாம். திரை உடைந்த லேப்டாப் ஒன்றை நான் சரிசெய்து வைத்திருக்கிறேன், அதில் லிப்ரேஎலெக் போட்டாகிவிட்டது, 2 டிபி டிஸ்க்கில் பாடங்களும் குடும்ப வீடியோக்களும் ஏற்றியாகிவிட்டது. வருகிற ஞாயிறு அதையும், ஒரு கூரை ஆன்டெனாவையும், இருபது மீட்டர் கேபிளையும், ரப்பர் டேப்பையும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் மேலே போகிறேன், மதியம் இடி தொடங்குவதற்குள் கூரை வேலையை முடிக்க வேண்டும்.

போனை வைக்கும் முன் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "மச்சான் நியூஸ் பாக்காம சாப்பிட மாட்டாரே, அது வருமா?"

ஆன்டெனாவில் வரும் அக்கா, மழையிலும் வரும் என்றேன்.